வீடுகளின் முதுகு

பதினோரு வருடம் மஞ்சள் தபால் வண்டியில்
இந்த ஊர்களைச் சுற்றியிருக்கிறேன்.
ஒரு பெட்டிக்கு ஒன்பது நொடி என்று
கைக்கருவி கணக்கு வைத்திருந்தது.
என்ஜினை அணைக்காமல் இறங்கி, செருகி, ஏறி,
சேற்றை டயரால் வாரி இறைத்துவிட்டு
அடுத்த வளைவு.

இப்போது விடுப்பு. சைக்கிள்.
பொந்திவியிலிருந்து ப்ளாவே நதியோரம்,
ஒரு காலத்தில் குதிரைகள் படகிழுத்த தடத்தில்
தெற்கே போகிறோம், நானும் குவெல்தாஸும்.
முதல் நாள் பதினான்கு கிலோமீட்டர்.
"நத்தை நம்மைத் தாண்டிப் போயிற்று" என்றேன்.
"அதற்குச் சுமை குறைவு" என்றான்.

அவன் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன்.
வேலிக்கு அப்பால் எங்காவது பம்ப் இரைந்தால்
பிரேக் பிடிப்பான், தலை சாய்ப்பான்,
ஒரு வால்வு சரியில்லை என்பான்.
மாடுகளுக்குத் தெரியுமா என்பேன்.
மாடுகள்தாம் முதலில் சொல்லும் என்பான்.
இப்படியே போகிறது பகல்.

தூறுகிறது. இதையெல்லாம் இங்கே யாரும் மழை என்பதில்லை.
ஸ்லேட் கூரைகள் கறுத்து மினுங்குகின்றன.
நனைந்து கனத்த நீல ஹைட்ரேஞ்சியா
வேலிமேல் தலையைச் சாய்த்துவிட்டது.
கருங்கோதுமை என்று பெயர்,
வயல் முழுக்க வெள்ளைப் பூ.

ஒன்பதாம் மதகில் ஒரு வாடகைப் படகு.
மதகுக்காரி திஃபேன் கைப்பிடியைச் சுற்றுகிறாள்,
வாயில் பாதி கடித்த பேரிக்காய்.
தண்ணீர் இறங்க இருபது நிமிடம்.
கயிற்றை யார் பிடிப்பதென்று
பெல்ஜியக் குடும்பம் ஒன்று சண்டை போடுகிறது.
படகு கீழே போகப் போக
சண்டையும் கீழே போயிற்று.

இந்த வீடுகளை எனக்கு முன்வாசலில் மட்டுமே பழக்கம்:
எண், பெயர், பெட்டியின் மூடி, நாய்.
முதுகு என்று ஒன்று இருப்பதை
இந்தத் தடம்தான் காட்டியது.
முட்டைக்கோஸ் பாத்தி,
ஒரு பக்கம் கயிறறுந்த ஊஞ்சல்,
கொடியில் ஏழு காலுறை, ஒன்றுக்கொன்று ஜோடியில்லை.

பதினேழாம் எண். ஜோப் கெர்தோன்குஃப்.
பின்தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.
தண்ணீர் கேட்டோம்,
சைடர் வந்தது, மூன்று கிண்ணத்தில்.
மஞ்சள் சட்டை போடாத என்னை
அவருக்கு அடையாளம் தெரியவில்லை.
தினமும் என் டயரைக் கடிக்கப் பாயும் நாய்
இன்று என் டயரில் முதுகைச் சாய்த்துத் தூங்கியது.

இறவாரத்தின் கீழே ஆப்பிள் பெட்டியில்
கடிதங்கள். மேலே ஒரு கல்.
வரிசை கலையாமல், ஒன்றுகூடப் பிரிக்காமல்.
ஊதா மை, இடப்புறம் சாயும் எழுத்து.
அந்தக் கை எனக்குத் தெரியும்.
மாதத்துக்கு ஒன்று.
நான்தான் செருகினேன், ஒன்பது ஒன்பது நொடியாக.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.
"மகள்" என்றார்.
"உறையைப் பார்த்தாலே போதும், நன்றாக இருக்கிறாள்."
கிண்ணத்தை மறுபடி நிரப்பினார்.
குவெல்தாஸ் ஆப்பிள் மரத்தில் புழு விழுந்ததைப் பற்றிப்
பேசத் தொடங்கினான். நல்லவன்.

நான் யாரென்று சொல்லவில்லை.
கெனவோ என்றோம், கெனவோ என்றார்.

மூன்று மதகு தூரம் பேச்சில்லை.
ஒரு சாம்பல் நாரை
நாங்கள் நெருங்கும்வரை நின்றது, எழுந்தது,
நூறு மீட்டர் தள்ளி இறங்கியது.
மறுபடி நாங்கள்.
மறுபடி அது.
பறந்து தப்பிக்க ஆறுக்கு அந்தப் பக்கம் முழுதும் இருந்தது,
அதற்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மஞ்சள் வண்டி.
மாதத்தின் முதல் வாரம், ஊதா மை வரும்.
என்ஜினை அணைக்கலாம் என்றிருக்கிறேன்.
அணைத்தபின் என்ன செய்வேன், தெரியாது.
கைக்கருவி கத்தும். நாய் பாயும்.

"பசிக்கிறதா?" என்கிறான்.
அவன் பையில் வெண்ணெய்க் கேக் பொட்டலம்,
காகிதத்தைத் தாண்டிப் பையே பிசுபிசுத்துவிட்டது.
இன்னும் இரண்டு மதகு போகட்டும் என்றேன்.
ஒன்றிலேயே நிறுத்திவிட்டோம்.